‘நாலரை அறை வீடு’ என்றால் படுக்கையறை எத்தனை?

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். எனக்கு மாண்ட்ரியலிலோ பெர்லினிலோ வேலை அமையும்போல் இருக்கிறது, அதனால் இரண்டு ஊரிலும் வாடகை வீடு பார்க்கிறேன், ஆனால் அறைக் கணக்கு ஊருக்கு ஊர் மாறுவதால் எதை எதோடு ஒப்பிடுவது என்றே புரியவில்லை.

நமக்குப் பழக்கம் 2 பிஎச்கே, அதாவது இரண்டு படுக்கையறை, ஹால், கிச்சன். எண்ணைப் பார்த்தாலே படுக்கையறை எத்தனை என்று தெரிந்துவிடும். மாண்ட்ரியலில் அதே வீட்டை 4½ என்கிறார்கள். ஹாலும் சமையலறையும் தனித்தனி அறைகளாகக் கணக்கில் வருகின்றன, அந்த அரை என்பது குளியலறை! பெர்லினில் அதுவே மூன்று அறை வீடு, ஏனென்றால் அங்கே ஹாலைச் சேர்ப்பார்கள், சமையலறையையும் குளியலறையையும் சேர்க்கமாட்டார்கள். சரி, புரிந்துவிட்டது என்று நினைத்தால் அங்கேயும் 2.5 அறை என்று விளம்பரம் வருகிறது. அந்த அரை குளியலறை இல்லை, ஒரு சின்ன அறையாம்.

அந்த அரை அறையில்தான் எனக்குச் சந்தேகம். அம்மாவும் எங்களோடு வரப்போகிறார், அவருக்குக் கதவு வைத்த தனி அறை கட்டாயம் வேண்டும். பெர்லினில் இருப்பவர்கள் சொல்லுங்கள், அதில் கட்டில் போட்டு ஒருவர் தாராளமாகத் தங்க முடியுமா? அப்புறம் மாண்ட்ரியலில் 4½ என்று போட்டிருந்தால் இரண்டு படுக்கையறை உறுதிதானா, இல்லை ஹாலையே இரண்டாகப் பிரித்து எண்ணிவிடுவார்களா? வீட்டு வரைபடம் கேட்டால் தருவார்களா?