கேட்டுக்கு வெளியே நின்ற குட்டியானை

அம்பத்தூர்_லேத்:
ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனிக்கு, பெயர் வேண்டாம், புஷ் (உருளை வடிவச் சின்ன உலோக வளையம்) கடைந்து கொடுக்கிறோம். ஜேஐடி முறை, அதாவது ஸ்டாக் வைக்காமல் தேவைப்படும் நேரத்துக்குத்தான் சரக்கு வாங்குவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு லோடு, ஷெட்யூல் எல்லாம் கம்பெனியின் ஆன்லைன் போர்ட்டலில்தான், உங்களுக்குத் தெரியாததா. போன நவம்பர் மழையில் குட்டியானையில் நானே கூடப் போனேன். லேபிள் நனைந்து மை ஊறிவிட்டது, கேட்டில் ஸ்கேன் ஆகவில்லை. புது ஏஎஸ்என் (என்ன சரக்கு, எத்தனை வருகிறது என்று முன்கூட்டியே போர்ட்டலில் போடும் அறிவிப்பு) போடலாம் என்றால் பழையதைக் கேன்சல் செய்யாமல் விழாது, கேன்சல் செய்கிற ஆள் சாப்பிடப் போய்விட்டார். உள்ளேயிருந்து லைன் சூப்பர்வைசர் ஓடி வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் நாலடி. தார்ப்பாயை விலக்கி டப்பாவைக் காட்டுகிறேன், அவரும் பார்க்கிறார், செக்யூரிட்டியும் பார்க்கிறார். “சிஸ்டத்துல வரலையே சார்.” 22 நிமிஷம் கார் அசெம்ப்ளி லைன் நின்றது. அதற்கு எங்கள் பணத்தில் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட் மட்டும் மறுநாள் காலையிலேயே ஒரு தடங்கலும் இல்லாமல் போர்ட்டலில் வந்து உட்கார்ந்திருந்தது.

ஓசூர்க்காரன்:
கோபிக்காதீங்க ஜி, தப்பு உங்கள் பேரில்தான். நானும் ஒருமுறை ஏஎஸ்என்னில் 480 என்று போட்டுவிட்டு 500 அனுப்பி வண்டி திரும்பி வந்தது, அதோடு திருந்தினேன். லேபிளைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், இன்னொன்றை டிரைவர் கையில் கொடுங்கள், வண்டி கிளம்பும்போதே போட்டோ எடுத்து ஸ்டோர்ஸுக்கு வாட்ஸப் போடுங்கள், மழைக்காலம் முடியும்வரை கம்பெனி பக்கத்தில் சின்ன குடோன் பிடித்து ஒரு நாள் சரக்கு வையுங்கள். 1997 பிப்ரவரியில் ஜப்பானில் ஐசின் கம்பெனியின் கரியா ஆலை எரிந்தபோது டொயோட்டா கையில் பிரேக் வால்வு சில மணி நேரத்துக்குத்தான் இருந்தது. தையல் மெஷின் செய்கிற பிரதர் கம்பெனி வரைக்கும் வால்வு கடைந்து கொடுத்து ஒரு வாரத்துக்குள் தூக்கி நிறுத்தினார்கள். யாரும் சிஸ்டத்தைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை.

ஸ்டோர்ஸ்_மாமா:
ஓசூர்க்காரரே, குடோன் வாடகை யார் தருவது? கம்பெனி ஸ்டாக் வைக்காது, வெண்டர் வைக்க வேண்டும், இதற்குப் பேர் ஜேஐடியா? 1997-ல் எரிந்தது ஆலை, சரி. 2023 ஆகஸ்ட் 29 அன்று அதே டொயோட்டாவின் ஜப்பான் ஆலைகள் 14-ம் நின்றதே, எங்கே எரிந்தது? பாகங்களுக்கு ஆர்டர் போடும் சர்வரில் இடம் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். அதற்கு எந்த உறையைப் போடுவீர்கள்?

நான் கேட்டுக்கு உள்ளே இருந்தவன். மாடிப்படிக்கு அடியில் 200 கிளிப் சிஸ்டத்துக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தேன். ஆடிட்டில் மாட்டி மெமோ வாங்கினேன், அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரமே கிளிப் வராமல் லைன் நின்றது. மெமோ கொடுத்த மேனேஜர் யாரிடமும் பேசாமல் நேரே வந்து மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

அம்பத்தூர்_லேத்:
ஓசூர் ஜி, உறை வாங்கிப் போட்டாயிற்று. இப்போது உறை பளபளப்பதால் ஸ்கேன் ஆகவில்லை.