ஊரடங்கு என்றதும் அம்மம்மா குடங்களை நிரப்பினார்

அணைக்கரைப் பெண்
எங்கள் இலங்கைத் தமிழர் அகதி முகாம் வீடு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச் 24-ல் டிவியில் கொரோனா ஊரடங்கு என்றதும் அம்மம்மா எல்லாக் குடத்திலும் தண்ணீர் பிடித்து வைத்தார். "எத்தனை மணிக்குத் தளர்த்துவாங்கள்?" என்று கேட்டார். 1990-ல் யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி வந்தவர். அவருக்கு ஊரடங்கு என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: போர்.

ஏப்ரலில் ஒரு மதியம், கூட்டம் சேர்கிறதா என்று பார்க்க ட்ரோன் வந்தது. பிள்ளைகள் கையாட்டிக்கொண்டு ஓடினார்கள். அம்மம்மா என் மகனை இழுத்துச் சுவரோரம் குப்புறப் போட்டு, மேலே படுத்துக்கொண்டார். "காதைப் பொத்தடா, வாயைத் திற!" நான் சிரித்துவிட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் போகவில்லை. அன்றிலிருந்து கட்டிலுக்கு அடியில்தான் படுத்தார்.

பெயிண்டர் தம்பி
அக்கா, 2021-லேயே மறுவாழ்வு முகாம் என்று அரசு பெயர் மாற்றிவிட்டது, அப்படியே எழுதுங்கள். அப்புறம், வயதானவர்கள் மட்டும் உடையவில்லை. மே தொடக்கம் வரை கிருஷ்ணகிரி பச்சை மண்டலம், நோய் இல்லை, ஆனால் ஓசூர், பெங்களூர் பெயிண்ட் வேலை நின்றுபோனது. அண்ணன் தினமும் விடிகாலையில் காய்ந்த பிரஷ்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். வேலையே இல்லாமல், நாற்பது நாள். பிறகு பேச்சும் நின்றது.

பாலக்கோடு நர்ஸ்
2021-ல் தடுப்பூசிக்குப் பெயர் எழுதப் போனோம். "பெயர் எழுதினால் பிறகு கூட்டிப்போவாங்கள்" என்று ஒரு அம்மா கதவைச் சாத்தினார். அவ்வளவுதான் என் கதை.

யாருக்கு வலி அதிகம் என்று அளக்க வேண்டாம், தம்பி. நடுங்குகிறவரிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள், அவருக்கு அது நடந்துகொண்டிருக்கிறது. கையைப் பிடித்து, இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், பேரன் எங்கே என்று மெதுவாகச் சொல்லுங்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காமல் பக்கத்தில் பாய் விரித்துப் படுங்கள். அண்ணன் இரண்டு வாரத்துக்கு மேல் தூங்காமல், பேசாமல் இருந்தால் குடித்துச் சமாளிக்க விடாதீர்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூடவே போங்கள், தனியாக அனுப்பினால் பாதி வழியில் திரும்பிவிடுவார். 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், காசில்லை. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரில் தொடங்கியது.

அணைக்கரைப் பெண்
அம்மம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. மகனுக்கு இப்போது பத்து வயது. கல்யாண வீட்டில் ட்ரோன் கேமரா பறந்தால் இன்னும் காதைப் பொத்திக்கொள்கிறான். பிள்ளைகளுக்கும் அந்த எண்ணிலேயே பேசலாமா?