கீசர் மாற்றும் செலவு: விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டின் கூரைக்குள் இருந்த 150 லிட்டர் கீசர், அடிப்பகுதி துருப்பிடித்துச் சென்ற வாரம் ஒழுகியதில், அம்மாவின் அறை உள்கூரைப் பலகை ஊறிப் பழுப்பேறித் தொங்குகிறது. ஒழுகும் நீரைப் பிடிக்கும் வடிதட்டு அடியில் இல்லாததே காரணம்.

இரண்டு பிளம்பர்களிடம் விலை கேட்டேன். ஒருவர் கேட்பது மற்றவரைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. குறைந்த விலைச் சீட்டில் கீசரும் கூலியும் மட்டுமே உள்ளன. கீசர் பொருத்துவதற்கான தென்னாப்பிரிக்கத் தரவிதி எஸ்ஏஎன்எஸ் 10254-இன்படி வேண்டிய வடிதட்டு, அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு, வேக்குவம் பிரேக்கர்கள் (கீசர் நீர் பின்னோக்கி உறிஞ்சப்படாமல் தடுப்பவை) ஆகியவையும், பழையதை இறக்கி அகற்றும் கூலியும், 15 விழுக்காடு வாட் வரியும் அதில் சேருமா என்று கேட்டால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அந்தப் பதில்தான் எனக்கு உறுத்துகிறது.

கீசர் மாற்றியவர்களே, வேலை முடிந்ததும் பிளம்பிங் சான்றிதழையும் மின்சாரச் சான்றிதழையும் தனித்தனியே கட்டணம் கொடுத்துப் பெற வேண்டியிருந்ததா? கீசருக்கான உத்தரவாதத்துக்கும் வீட்டுக் காப்பீட்டுக்கும் அவற்றைக் கேட்டார்களா? காப்பீட்டில் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போனது? அண்மையில் மாற்றியவர்கள், சீட்டில் இருந்த தொகையையும் இறுதியில் கொடுத்த தொகையையும் சேர்த்தே எழுதினால் பேருதவியாக இருக்கும். சனிக்கிழமைக்குள் ஒருவருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். அதுவரை அடுப்பில்தான் வெந்நீர்.