லேப்டாப் ஃபேன் வேகத்தைக் கூட்டி வைக்க வழி உண்டா? மதியமானால் 97 டிகிரி

வளசரவாக்கத்தான்:
வணக்கம் நண்பர்களே. வீட்டிலிருந்துதான் வேலை. மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை, ஏசி கிடையாது. கத்திரி தொடங்கியதிலிருந்து மதியம் இரண்டு மணிக்கு மேல் லேப்டாப்பில் கை வைக்க முடியவில்லை, கீபோர்டின் மேல்வரிசை அப்படிக் கொதிக்கிறது. மீட்டிங்கில் ஸ்க்ரீன் ஷேர் கொடுத்தால் எல்லாம் இழுக்கிறது, என் குரல் விட்டு விட்டு வருகிறதாம். சில நாள் அதுவாகவே அணைந்தும் போகிறது. இன்டெல் ஐ5-8250யு, 8 ஜிபி ராம், விண்டோஸ் 11. ஃபேன் வேகத்தை நாமே கூட்டி வைக்கிற மாதிரி சாஃப்ட்வேர் ஏதாவது இருக்கிறதா? பயோஸில் தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு ஆப்ஷனே இல்லை. வாரன்டி முடிந்துவிட்டது.

தண்டையார்பேட்டை_தம்பி:
ஸ்பீட்ஃபேன் போடுங்க ப்ரோ. நூறு சதவீதத்தில் வைத்துவிட்டு வேலையைப் பாருங்க.

பழைய_போர்டு:
தம்பி, ஸ்பீட்ஃபேன் டெஸ்க்டாப் காலத்துச் சரக்கு, பல வருஷமாக அப்டேட்டே இல்லை, இப்போதைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஃபேனைக் கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது. லேப்டாப்பில் ஃபேனை ஓட்டுவது விண்டோஸ் இல்லை. போர்டில் எம்பெடட் கண்ட்ரோலர் என்று தனியாக ஒரு சின்னச் சிப் இருக்கும், எத்தனை டிகிரிக்கு எத்தனை வேகம் என்பதைத் தயாரித்தவர்களே அதற்குள் எழுதி வைத்திருப்பார்கள். நோட்புக் ஃபேன் கண்ட்ரோல் மாதிரி மென்பொருள்கள் நேராக அந்தச் சிப்போடு பேசுபவை. உங்கள் மாடலுக்கென்றே எழுதிய ப்ரொஃபைல் இருந்தால் அருமையாக வேலை செய்யும். இல்லாமல் பக்கத்து மாடலுடையதை எடுத்துப் போட்டால் ஃபேன் ஒரேயடியாக நின்றுபோகவும் வாய்ப்பு உண்டு.

வளசரவாக்கத்தாரே, சாஃப்ட்வேரைத் தேடுவதற்கு முன், சூட்டையும் ஃபேன் வேகத்தையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை இறக்கி, சென்சார்ஸ் மட்டும் ஓடவிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது எத்தனை டிகிரி, வேலை கொடுத்தால் சட்டென்று ஏறுகிறதா மெதுவாகவா, அப்போது ஃபேன் எத்தனை ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஓடுகிறது? அப்புறம் முக்கியமாக, காற்று வெளியே வரும் ஓரத்தில் கையை வைத்தால் என்ன தெரிகிறது?

வளசரவாக்கத்தான்:
பார்த்துவிட்டேன் சார். சும்மா இருக்கையில் 66. மீட்டிங் தொடங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 97-ல் போய் நிற்கிறது, அதற்குள் சிப்பின் வேகம் (கிளாக்) 1.2 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. ஃபேன் 4,700 ஆர்.பி.எம்., அதற்கு மேல் ஏறவே இல்லை. சத்தம் இருக்கிறதே தவிர கையில் காற்று படவில்லை. டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஓரத்தில் பிடித்துப் பார்த்தேன், லேசாகக்கூட ஆடவில்லை.

பழைய_போர்டு:
அந்த டிஷ்யூ பேப்பரே பதில் சொல்லிவிட்டது. ஃபேன் ஏற்கெனவே முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் கூட்டுவதற்கு வேகம் மிச்சமே இல்லை. காற்று வெளியே போக வழிதான் இல்லை. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசு அடைத்திருக்கும், அது வெளியிலிருந்து டார்ச் அடித்தாலும் தெரியாது, ஏனென்றால் அடைப்பு உள்பக்கத்தில்.

பொதுவாக நான் பார்க்கிற முறை இது. காற்றே வரவில்லை, சூடு மெதுவாக ஏறுகிறது என்றால் அடைப்பு. காற்று நன்றாக வருகிறது ஆனால் குளிர்ந்து வருகிறது, வேலை கொடுத்த நொடியே 95-க்குத் தாவி, நிறுத்தினால் அதே வேகத்தில் இறங்குகிறது என்றால் சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்த நடுவே தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது (ஹீட்சிங்க் என்பது சிப் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகப் பாகம்), சூடு சிப்பைத் தாண்டி வெளியே வரவில்லை. காற்றும் பலமாக, அனலாக வருகிறது என்றால் மெஷின் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது, சிப்புக்குப் போகும் மின்சாரத்தைத்தான் குறைக்க வேண்டும். உங்களுடையது முதல் வகை.

அடையார்_ஆந்தை:
சர்வீஸ் பண்ணும் வரைக்கும் ஒரு தற்காலிக வழி. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட். அதில் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம்தானே என்று நினைக்க வேண்டாம், டர்போ, அதாவது சிப் தேவைப்படும்போது தானாக வேகம் கூட்டிக்கொள்வது, முழுவதும் அணைந்துவிடும். உங்கள் சிப் 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை தாவுவதை விட்டுவிட்டு 1.6 பக்கத்திலேயே ஓடும். இப்போது சூட்டில் 1.2-க்கு விழுகிறதே, அதைவிட இது லாபம். த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருள் போட்டு சிப்பின் வோல்டேஜைக் குறைக்கச் சிலர் சொல்வார்கள். ஆனால் 2019-ல், வோல்டேஜ் மாற்றும் வசதியை வைத்தே தாக்க முடிகிற ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்த பிறகு பயோஸ் அப்டேட்டில் பல மாடல்களில் அதைப் பூட்டிவிட்டார்கள், உங்களுடையதில் திறந்திருந்தால் அதிர்ஷ்டம்.

தண்டையார்பேட்டை_தம்பி:
கூலிங் பேட் வாங்கினால் போதாதா?

பழைய_போர்டு:
அடைப்பு இருக்கும்போது கீழே இருந்து ஊதி என்ன பயன் தம்பி? அடைப்பை எடுத்த பிறகு வேண்டுமானால் உதவும். அதற்குக்கூட பின்பக்கத்தை ஒரு பழைய டப்பா மூடி மேல் தூக்கி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. மெத்தை மேல் வைக்காமல் இருந்தால் போதும்.

வளசரவாக்கத்தான்:
99 ஆக்கிவிட்டேன், இன்றைய மதியம் 84-ல் ஓடியது, அணையவில்லை. நன்றி ஆந்தை. சரி, திறந்து சுத்தம் பண்ண ரிச்சி தெரு சர்வீஸ் கடைக்குப் போகலாமா, நானே திறக்கலாமா?

பழைய_போர்டு:
ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கை என்றால் நீங்களே செய்யலாம். பின்மூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுப்பது, அதற்கு முன் எதையும் தொடாதீர்கள். ஹீட்சிங்க் ஸ்க்ரூ பக்கத்தில் 1, 2, 3, 4 என்று குட்டியாக அச்சிட்டிருக்கும். கழற்றும்போது 4-லிருந்து, மாட்டும்போது 1-லிருந்து, ஒன்றையே ஒரேயடியாக முறுக்காமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, புதிதாக ஒரு பொட்டு வைத்தால் போதும், அப்பளத்துக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி பூசி வழியவிட வேண்டாம். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு பட்ஸ் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் அது தறிகெட்டுச் சுற்றிப் பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும்.

கடைக்குப் போவதென்றால் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். "வச்சுட்டுப் போங்க சார், சாயங்காலம் வாங்க" என்றால் அடுத்த கடை.

வளசரவாக்கத்தான்:
ரிச்சி தெருவில் காட்டினேன், உட்கார்ந்து பார்க்க ஸ்டூல் போட்டுக் கொடுத்த கடை. ஃபேன் மூடியை எடுத்ததும் உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, அப்படியே முழுசாக ட்வீசரில் உரிந்து வந்தது, நடுவில் தலைமுடி வேறு. ஆற்காடு சாலையோரம் வீடு, பகலெல்லாம் ஜன்னல் திறந்தே கிடக்கும், வேறென்ன வரும். பேஸ்ட்டும் மாற்றினார்கள். இப்போது அதே அறை, அதே மதியம், சும்மா இருக்கையில் 51, மீட்டிங்கில் 78. ஃபேன் 3,200-க்கு மேல் போகவே இல்லை. 99-ஐ மறுபடி 100 ஆக்கிவிட்டேன்.

மந்தைவெளி_மாலா:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் லேப்டாப்பில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ போட்டால் சூடு மட்டும் காட்டுகிறது, ஃபேன் ஆர்.பி.எம். வரியே இல்லை. ஃபேன் போய்விட்டதா?

பழைய_போர்டு:
அப்படி முடிவு கட்ட வேண்டாம்மா. பல மாடல்களில் எம்பெடட் கண்ட்ரோலர் அந்த எண்ணை வெளியே சொல்வதே இல்லை. பெரிய ஃபைல் ஏதாவது ஜிப் பண்ணவிட்டு, ஓரத்தில் டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள். ஆடினால் ஃபேன் உயிரோடு இருக்கிறது. ஆடாமல் சத்தமும் இல்லையென்றால் மாடல் பெயரோடு புது இழை போடுங்கள், பார்க்கலாம்.