என்பிவிக்குச் சொல் இருக்கு, டிஸ்கவுண்டுக்குத்தான் வேணும்

வணக்கம் எல்லாருக்கும்,

நெட் ப்ரெசன்ட் வேல்யூ எண்டுற என்பிவிக்குத் தமிழ்ல "நிகர தற்போதைய மதிப்பு" எண்டு வைப்பம் எண்டு சென்னையில இருந்து அண்ணன் எழுதினதை வாசிச்சன். பிழையான சொல் இல்ல. ஆனா இஞ்ச மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஏஎல் எண்டுற உயர்தரச் சோதினைக்குக் கணக்கீடு படிச்ச புள்ளைகளுக்கு நெட் ப்ரொபிட் எண்டா தேறிய இலாபம், வேல்யூ எண்டா பெறுமதி, அதால "தேறிய இன்றைய பெறுமதி" எண்டு எங்களுக்கு இருக்கட்டும். "தேறிய" எண்டுறது படிச்ச ஆக்கள்ற சொல் மட்டும் இல்ல, வேளாண்ம வெட்டி, கடன் கூலி எல்லாம் குடுத்து முடிஞ்சா "மறுகா என்னதான் தேறின?" எண்டுதானே வீட்டில கேக்கிற. என்பிவியும் அதத்தான் கேக்குது, போட்ட முதலைக் கழிச்சா இண்டைய காசில என்ன தேறும் எண்டு.

எனக்குப் பிரச்சினை டிஸ்கவுண்ட்லதான், பிறகு வாற காசை வட்டிக் கணக்குப் பாத்து இண்டைய பெறுமதிக்குக் குறைக்கிற வேலைக்குச் சொல்லுற சொல். அந்த வீதத்துக்கு எங்களுக்குப் பழக்கம் கழிவு வீதம். போன மாசம் அக்கரைப்பற்றுப் பக்கம் நெல்லு மில் வச்சிருக்கிற மச்சான் ஒராள் நெல்லு காயவைக்கிற மெசின் ஒண்டு எடுக்க யோசிச்சாரு, விலை 10 லெச்சம், நாலு வருசத்துக்கு வருசா வருசம் 4 லெச்சம் மிஞ்சும், 16 வருதுதானே எடுக்கலாம் எண்டாரு. இல்ல மச்சான் கழிவு வீதம் 12 எண்டு வச்சுப் பாப்பம் எண்டு நான் சொல்ல, "மெசின்காரன் 12 வீதம் கழிவு தாறானா?" எண்டு கேட்டாரு. கடையில விலை குறைச்சுப் போடுற கழிவுதானே அவருக்குத் தெரியும், அவர்ல ஒரு பிழையும் இல்ல, சொல்லுலதான் பிழை.

அதுக்குத்தான் "காலக்கழிவு" எண்டு வைக்கச் சொல்லுறன். காலம் தள்ளிப் போறதால கழியிறது. வீதத்துக்குக் காலக்கழிவு வீதம். இதுக்கு இன்னொரு அக்கா எழுதின "இன்றாக்கல்" வடிவான சொல்தான், ஆனா எழுத்தில பாத்தா விளங்குது காதால கேட்டா விளங்குதில்ல, பெறுமதி குறையுது எண்டுறதும் அதில இல்ல.

மச்சானுக்கும் அப்பிடித்தான் திரும்பச் சொன்ன. ஒரு வருசம் கழிச்சு வாற 4 லெச்சம் இண்டைக்கு 3.57 லெச்சம்தான், அதுக்கடுத்தது 3.19, மறுகா 2.85, 2.54. கூட்டினா 12.15, மெசின் காசு 10ஐக் கழிச்சா 2.15 லெச்சம் தேறுது. அவர்ர மகன் எக்செல்ல என்பிவி ஃபங்ஷனுக்குள்ளயே மைனஸ் 10 லெச்சத்தையும் போட்டு 1.92 எடுத்திருந்தான், அந்த ஃபங்ஷன் முதல் காசே ஒரு வருசம் கழிச்சு வருது எண்டு எடுக்கிறதால இண்டைக்குக் குடுக்கிற காசுக்கும் ஒரு வருசக் காலக்கழிவு போட்டிடும், அந்த மைனஸ் 10ஐ வெளியிலதான் கூட்டணும். பேர் என்பிவி எண்டாலும் உள்ள நடக்கிறது வெறும் இன்றைய பெறுமதி, "தேறிய" எண்டுறது நாங்க வெளியில செய்யிற வேலை. தமிழ்ல சொல்லிப் பாத்தாத்தான் இந்த வித்தியாசம் பிடிபடுது.

எங்கட காரைதீவில பிறந்த விபுலாநந்த அடிகள்தான் 1936ல சென்னையில நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர். கடலுக்கு ரெண்டு பக்கமும் ஒரே சொல் புழங்கணும் எண்டுற ஆசை எனக்கும் நிறைய இருக்கு. நிகரவும் தேறியவும் ரெண்டும் ஊண்டின சொல், அத இனி மாத்த ஏலாது. காலக்கழிவு புதுசு, அதில எண்டாலும் ஒண்டா நிப்பம்.

மச்சான் அண்டைக்கு எழும்பிப் போகக்குள்ள கேட்ட கேள்வியையும் எழுதுறன்: "அந்த 2022 கடைசி மாதிரி வட்டி திரும்பி வந்தா காலக்கழிவு எவ்வளவு?" அப்ப இலங்கை அரசாங்கம் கடன் எடுக்கிற மூண்டு மாச திறைசேரி உண்டியலுக்கே வட்டி 30 வீதத்துக்கு மேல. 30ல போட்டுப் பாத்தம், நாலு வருசக் காசும் சேந்து 8.66 லெச்சம்தான் வந்த, மெசினுக்கு 1.34 லெச்சம் காணாது.