கிரிம்சன் ரோஸா, வேடம் போட்ட மார்மனா?

மாடித்தோட்டம்:
நேற்று காலை மாடியில் இட்லிப்பூவுக்கு ஒரு பட்டாம்பூச்சி வந்தது. மேலிருந்து எடுத்த இந்த ஒரு படம்தான் தேறியது. கறுப்பு முன்சிறகில் சாய்வாக இரண்டு வெள்ளைப் பட்டை, துண்டுதுண்டாக. பின்சிறகில் இரண்டு வரிசை சிவப்புப் பொட்டு, வாலும் உண்டு. ஊர் திண்டுக்கல் பக்கம். கிரிம்சன் ரோஸ் என்று குறித்துக்கொள்ளவா?

குளத்தங்கரை:
தாராளமாக அம்மா. பட்டையும் சரி, பொட்டும் சரி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தமிழில் சொன்னால் சிவப்புடல் அழகியேதான். இருபது வருடமாகப் பார்க்கிற பூச்சி.

கறுப்புக்குடை:
பேரிலேயே சிவப்புடல் இருக்கிறதே அண்ணே, படத்தில் அந்தச் சிவப்பு எங்கே? காமன் மார்மனின் பெண் பூச்சி நம் பக்கம் மூன்று உருவத்தில் வரும். ஒன்று ஆணைப் போலவே இருக்கும், கறுப்புச் சிறகில் வெள்ளைப் பொட்டு வரிசை. இன்னொன்று காமன் ரோஸ் என்ற வேறொரு பட்டாம்பூச்சியின் வேடம். மூன்றாவதுக்கு ரோமுலஸ் என்று பெயர், கிரிம்சன் ரோஸை அப்படியே உரித்து வைத்தது. சிறகை எல்லாம் காப்பி அடித்துவிட்டு உடம்பைக் கறுப்பாகவே விட்டுவிடும். இது ரோமுலஸ் என்பது என் கட்சி.

குளத்தங்கரை:
தம்பி, அசல் கிரிம்சன் ரோஸை மேலிருந்து பார்த்திருக்கிறீர்களா? நெஞ்சின் முதுகுப்பக்கம் கறுப்புதான். வயிறு தொடங்கும் இடமும் கறுப்பு. தலை, நெஞ்சின் பக்கவாட்டு, வயிற்றின் மிச்சம், அங்கேதான் சிவப்பு. இந்தப் படத்தில் தலை பூங்கொத்துக்குள் புதைந்திருக்கிறது, வயிற்றைப் பின்சிறகு மூடியிருக்கிறது. தெரிவது நெஞ்சின் முதுகு மட்டும். அதைப் பார்த்து உடல் கறுப்பு என்று தீர்ப்பு எழுதலாமா?

கறுப்புக்குடை:
நெஞ்சு விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் படத்தைப் பெரிதாக்குங்கள். இரண்டு பின்சிறகுக்கும் நடுவில் வயிற்றின் நுனி ஒரு நெல்லளவு எட்டிப்பார்க்கிறது. அசலென்றால் அங்கே குங்குமம் இருக்கவேண்டும். இருப்பது கரி. பொட்டுகளும் செங்கல் தூள் மாதிரி மங்கிக் கிடக்கின்றன.

குளத்தங்கரை:
நெல்லளவு இடத்தில் நிழல் விழாதா? மங்கலுக்கும் காரணம் கண்முன்னே இருக்கிறது. இடது முன்சிறகின் ஓரத்தில் பிறை மாதிரி பிய்ந்திருக்கிறது, பாருங்கள். கிழட்டுப் பூச்சி. செதில் உதிர்ந்தால் எந்தச் சிவப்பும் வெளிறும்.

சிங்கைவாசி:
எங்களுக்கு இந்தத் தலைவலி பாதிதான். சிங்கப்பூரில் காமன் ரோஸ் உண்டு. 2015-ல் தேசியப் பட்டாம்பூச்சிக்கு வாக்கெடுப்பு வைத்தபோது அதுதான் ஜெயித்தது. அதன் வேடம் போட்ட மார்மனும் உண்டு. கிரிம்சன் ரோஸ் இங்கே இல்லை, ரோமுலஸும் இல்லை.

கறுப்புக்குடை:
அதேதான். அசல் பறக்கும் ஊரில்தான் வேடத்துக்கு மதிப்பு. ரோஸ் புழுக்கள் தின்பது ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி வகைகளை. அந்த நஞ்சு பூச்சியான பிறகும் உடம்பில் தங்கும். ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை அந்தச் சிவப்புப் பக்கம் போகாது. மார்மன் வளர்வது எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும். நஞ்சும் இல்லை, ஒன்றும் இல்லை, சட்டை மட்டும் இரவல். அந்தச் சட்டையைத் தீர்மானிப்பது டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு என்று 2014-ல் கண்டார்கள். ஆணிடமும் அது இருக்கும், ஆனால் சிறகில் காட்டாது.

குளத்தங்கரை:
மரபணு இருக்கட்டும். கணக்கெடுப்புக்குப் போகிறவன் பறக்கிற பூச்சியை நிறுத்தி வயிற்றைக் காட்டு என்று கேட்கமுடியுமா? சிறகைப் பார்த்துத்தான் எழுதுகிறோம். போன மாதம் கண்மாய்க் கரையில் மட்டும் பதினான்கு கிரிம்சன் ரோஸ் எழுதினேன்.

கறுப்புக்குடை:
அந்தப் பதினான்கில் எத்தனை மார்மன் அண்ணே? உடல் தெரியவில்லையென்றால் "இரண்டில் ஒன்று" என்று எழுதுவதில் என்ன குறைச்சல்? இந்தப் பெண்களை வேறு வேறு இனமாகவே எண்ணிக்கொண்டிருந்த காலம் உண்டு. ஒரே இனத்துப் பெண்கள்தான் என்று 1865-ல் இயற்கை ஆய்வாளர் வாலஸ் எடுத்துக்காட்டவேண்டியிருந்தது. அவர்கள் கையில் ஊசி குத்திய பூச்சி இருந்தும் அந்தக் கதி.

குளத்தங்கரை:
"இரண்டில் ஒன்று" என்று எழுதினால் அது கணக்கா, ஜோசியமா? பதினான்கில் ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம், அவ்வளவுதான். பதினான்கும் போலியாக இருக்க இது என்ன நாடகக் கம்பெனியா?

மாடித்தோட்டம்:
சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னியுங்கள். இன்று மதியம் மறுபடி ஒன்று வந்தது. இட்லிப்பூவில் உட்காரவில்லை. நேராகக் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போய், கொழுந்து இலையைக் காலால் பற்றி, சிறகு படபடக்க வயிற்றை வளைத்து ஒரு முட்டை வைத்தது. வெளிர் மஞ்சள், உருண்டை, கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிது. இந்த முறை பக்கவாட்டில் படம் எடுத்துவிட்டேன். தலை முதல் நுனி வரை கறுப்பு.

கறுப்புக்குடை:
கறிவேப்பிலையில் முட்டை! ரோஸ் அந்தத் தொட்டியைத் திரும்பியும் பார்க்காது.

குளத்தங்கரை:
சரி, இன்று வந்தது மார்மன். நேற்று வந்ததும் அதுதான் என்று எதை வைத்துச் சொல்வது?

மாடித்தோட்டம்:
ஐயா, இடது முன்சிறகின் ஓரம். நீங்கள் சொன்ன அதே பிறை.

குளத்தங்கரை:
...பார்த்தேன். நேற்றைய படத்தை ரோமுலஸ் என்றே போட்டுக்கொள்ளுங்கள் அம்மா. என் பதினான்கைத் தொடமாட்டேன்.