ஒரே போஸ், வேறு வேறு ஆள்கள்: உங்களுக்கு நேர்ந்த குழப்பம்

இயற்பியல் ஆசிரியை:
அறிவியல் தினக் கண்காட்சி. ‘கடவுள் துகள்’ என்று தலைப்பிட்ட அட்டையில், ராணுவத் தொப்பியும் வட்டக் கண்ணாடியுமாக நேதாஜி இருந்தார். விருந்தினர் வர ஐந்து நிமிடமே இருந்ததால், “இவர் இல்லை, சத்யேந்திரநாத் போஸ்” என்று சொல்லிக்கொண்டே படத்தை உரித்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒட்டிய பையன் மட்டும், “போஸ் என்றால் அவர் ஒருவர்தானே டீச்சர்? எனக்கே அவர் பெயரைத்தானே வைத்திருக்கிறார்கள்” என்றான். இரண்டு ஆண்டுகளாக வருகைப்பதிவில் ‘போஸ்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு அது அதுவரை உறைக்கவே இல்லை.

வினாடி வினா நடத்துபவர்:
படம் மட்டுமன்று, அந்தத் தலைப்பும் பிழைதான். ஆசிரியை அதை விட்டுவிட்டார். ‘கடவுள் துகள்’ என்பது 2012-இல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் அறிவித்த ஹிக்ஸ் போசான் என்னும் துகளின் பட்டப்பெயர். சத்யேந்திரநாத் அதைத் தேடியவர் அல்லர். 1924-இல் டாக்காவிலிருந்து அவர் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரையில் ஒளித்துகள்களை எண்ணும் புதிய முறை இருந்தது. அந்தக் கணக்குக்குள் அடங்கும் துகள் வகைக்கே இயற்பியலாளர் டிராக் பின்னாளில் போசான் என்று பெயரிட்டார்.

என் தவறு வேறு. 1890-களில் கொல்கத்தாவில் கம்பியில்லா அலைகளைச் செலுத்தித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்த போஸ் யார் என்று கேட்டேன். ஒரு மாணவி ஜகதீஷ் சந்திர போஸ் என்றாள். என் கையிலிருந்த அட்டையில் சத்யேந்திரநாத் என்றிருந்ததால் மதிப்பெண் தர மறுத்தேன். சத்யேந்திரநாத் 1894-இல் பிறந்தவர், அப்போது பால்மணம் மாறாத குழந்தை. அவள் வாதாடவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

நூலகர்:
நந்தலால் போஸ் பற்றிய நூலை அறிவியல் அடுக்கில் வைத்தவன் நான். அரசியலமைப்பின் மூலப்படியை ஓவியங்களால் அழகுசெய்தவர் அவர். இது போகட்டும், உங்கள் இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். பிறந்த ஆண்டுகளை வரிசையாக மனத்தில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது: ஜகதீஷ் 1858, நந்தலால் 1882, சத்யேந்திரநாத் 1894, சுபாஷ் 1897, ஒலிப்பெருக்கி நிறுவனத்தை 1964-இல் தொடங்கிய அமர் போஸ் 1929. பெயர் ஒன்று என்பதற்காக உறவு கற்பிக்காதீர்கள். வங்க எழுத்தில், மேற்கு வங்க முதல்வராக இருந்த ஜோதி பாசுவின் பாசுவும் இந்தப் போஸும் ஒரே சொல்தான், ஆங்கில வழியாக வந்தபோது இரண்டாகப் பிரிந்துவிட்டது. கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீஷ் பாடம் நடத்த, சத்யேந்திரநாத் மாணவராக உட்கார்ந்திருந்தார். அதே கல்லூரியிலிருந்துதான் 1916-இல் சுபாஷ் வெளியேற்றப்பட்டார். பிள்ளைகளுக்கு இந்தக் கல்லூரியிலிருந்து தொடங்கிச் சொல்லுங்கள், மூவரும் தனித்தனி முகங்களாக நிற்பார்கள்.

இயற்பியல் ஆசிரியை:
ஐயா, ஆண்டுகள் எனக்குத் தெரியும். அவன் பூசிய பசை நன்றாகக் காய்ந்திருந்தது. நான் அவசரமாக உரித்ததில் தொப்பியின் பாதி அட்டையிலேயே நின்றுவிட்டது. விருந்தினர் வந்து போகும் வரை அவன் அதன்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு நின்றான்.